பார்சல் கொட்டகைச் சாவி

"கொட்டகைச் சாவியக் குடுங்க, முதலாளி."

செத்தாலும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். தபாலில் ஆர்டர் வாங்கி ஊரூராய் மத்தாப்பு அனுப்பும் கண்ணுச்சாமி முதலாளி, இடுப்புச் சாவியைத் தடவியபடி சிரிக்கிறார். என்னை பி.ஏ. படிக்கவைத்தவர். அவர் தலைக்குமேல் இந்த வருஷத்து விலைப்பட்டியல் தொங்குகிறது. அட்டையில் பட்டமளிப்பு அங்கியோடு நான், கீழே 'எங்கள் தர்மம்' என்று சிவப்பெழுத்து. சன்னலுக்கு வெளியே உச்சிவெயிலில் தகரக் கொட்டகை. வெளியே பூட்டு. கம்பிவலையைப் பிடித்திருக்கும் அம்மாவின் விரல்களில் மத்தாப்பு மருந்துத்தூள் வெள்ளியாய் மின்னுகிறது. உள்ளே பார்சல் கட்டும் பெண்கள் இருமுகிறார்கள்.

"தொறந்து போட்டா சரக்க மடியில கட்டிட்டுப் போயிருவாளுகத்தா. சீசன் முடியட்டும்."

"தீப்பிடிச்சா எங்கன ஓடுவாக?"

"வாயக் கழுவு. வேணும்னா ஒங்கம்மாவ மட்டும் வெளிய விடுதேன்."

அப்போது வெயிலில் தகரம் 'டப்'பென்று வெடிக்கிறது. இருமல் நின்றுபோகிறது. அம்மாவின் விரல்கள் வலையை நெரிக்கின்றன. முதலாளியின் கை சாவியிலேயே உறைந்திருக்கிறது. தகரம்தான் என்று தெரிந்து, முதலில் ஒருத்தி இருமுகிறாள், பிறகு எல்லோரும். அவர் நெற்றியைத் துடைக்கிறார். இவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் பூட்டுகிறார்.

"அம்மா மட்டும் வேண்டாம். நானும் உள்ள போறேன். ஒங்க அட்டைப்படத்துப் பிள்ளைய வச்சுப் பூட்டுங்க, பாப்போம்."

"ஏத்தா, நில்லு!"

ஆணி உரசினால் பொறி பறக்குமென்று செருப்பை அவர் மேசையடியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, கொதிக்கும் மண்ணில் கொட்டகையைப் பார்த்து நடக்கிறேன்.