ரெட்டைச் சடை

"அவளுக்கு அந்த கிளாஸ்ல ஒரு ஃபிரண்டு இருக்கா. அதைப் பிரிச்சு..."

"ஃபிரண்டா? அது நீயா கட்டின கதை. நான் என் கண்ணால..."

"இருங்க, நான் சொல்லி முடிச்சுக்கிறேன்."

தலைமை ஆசிரியை பேனாவால் மேசையைத் தட்டினார். தாங்கள் வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் கணவனும் மனைவியும் வாயை மூடிக்கொண்டார்கள். வெளியே பெஞ்சில் அவர்கள் மகள் காலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்பது வயதுப் பெண். சொல்வதெல்லாம் புரியும், பேச்சுதான் வரவில்லை. இதுவரை எல்லாப் பிள்ளைகளோடும் பொது வகுப்பில்தான் இருந்தாள். இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று தாழ்வாரக் கோடியில் ஒரு தனி வகுப்பு உண்டு. அதில் ஓர் இடம் காலியாகியிருந்தது, இன்றே முடிவு சொல்ல வேண்டும். ஆனால் பொது வகுப்பு இடத்துக்கும் வேறொரு குடும்பம் காத்திருந்தது. மாறினால் மாறியதுதான், திரும்பி வர வழியில்லை என்று தலைமை ஆசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார்.

அப்பா மின்விசிறி மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவர். போன வாரம் இதே பள்ளிக்கு விசிறி கழற்றி மாட்ட வந்தவர், இடைவேளையில் ஏணி மேலிருந்து மகளைப் பார்த்தார். சுவரோடு சுவராகத் தனியே நின்றிருந்தாள். ஓடுகிற பையன்கள் அவளைத் தாண்டும்போதெல்லாம் "ஊமைக்கோட்டான்" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். தனி வகுப்பிலோ பிள்ளைகள் பாயில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தன. ஒருவன் வந்து அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்து ஸ்க்ரூடிரைவரைக் கேட்டானாம்.

"அங்க யாரும் யாரையும் வேடிக்கை பார்க்கலை டீச்சர். அது போதும் எனக்கு."

அம்மாவுக்கு அது போதவில்லை. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் மடிக்கிறவள். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மகளிடம் அவள் கேட்பது ஒன்றுதான், இன்றைக்குப் பக்கத்தில் யார் என்று. மகள் இரண்டு முஷ்டிகளையும் காதோரம் வைத்து ஆட்டிக் காட்டுவாள். ரெட்டைச் சடை. பிறகு ஒரு முஷ்டியை மட்டும் மெல்லப் பிரித்துவிட்டுச் சிரிப்பாள். அது ஏன் என்று அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அவள் மறுநாளை ஓட்டினாள்.

"இந்த ஸ்கூல்ல எல்லாப் பொண்ணுங்களுக்கும் ரெட்டைச் சடைதான்" என்றார் அப்பா. "பாக்கிறதைக் காட்டுறா, பாவம்."

"அப்ப கிளாஸ் டீச்சரையே கேளுங்க. தினம் அவ பக்கத்துல ஒரு பிள்ளை உக்காருதா இல்லையான்னு."

வகுப்பாசிரியை வந்தார். நல்ல மனுஷி, களைத்த முகம். ஆமாம், தினமும் யாராவது உட்காருவார்கள் என்றார். அம்மா கணவனைப் பார்த்த பார்வையில், கல்யாணமான நாளிலிருந்து தோற்ற சண்டைகளுக்கெல்லாம் சேர்த்து ஜெயித்த களை இருந்தது.

ஆனால் ஆசிரியை பேச்சை முடிக்கவில்லை. கைக்கடிகாரத்தின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார்.

"அது வந்தும்மா, அவங்களா உக்கார்றதில்ல. நான்தான் உக்கார வெக்கிறேன். கிளாஸ்ல யாராவது பேசினா அவ பக்கத்துல கொண்டுபோய்ப் போட்டுடுவேன். அவதான் பேச மாட்டாளே, இவங்க வாயும் அடங்கிடும்."

ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டுமே என்று ஆசிரியையே மேலும் பேசினார்.

"அதுக்குப் பயந்துகிட்டே முக்கால்வாசிப் பேர் அடங்கிட்டாங்க. ஒரே ஒரு வாயாடிதான், எத்தனை தடவை கொண்டுபோய்ப் போட்டாலும் திருந்துவேனாங்குது."

அம்மா கைக்குட்டையை நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"என் பொண்ணு பக்கத்துல உக்கார்றது தண்டனையா டீச்சர்?"

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெயித்த கணவனும் தரையைத்தான் பார்த்தார். வேண்டாம், அவசரப்பட வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இப்போது அவரே இழுத்தார்.

"மாத்திடுங்க" என்றாள் அம்மா. "இப்பவே மாத்திடுங்க. இன்னும் ஒரு நாள்கூட அவ அங்க இருக்க வேணாம்."

தலைமை ஆசிரியை தொலைபேசியை எடுத்தார். பொது வகுப்பு இடத்துக்குக் காத்திருந்தவர்கள் நன்றி சொன்னது இந்தப் பக்கம் வரை கேட்டது. அப்பா மகளின் கையைப் பிடித்துத் தாழ்வாரக் கோடிக்கு அழைத்துப் போனார். அவள் பழைய வகுப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தான் மாட்டிய விசிறியைத்தான் பார்க்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மகளின் பையை எடுக்க அம்மா ஆசிரியையின் பின்னாலேயே வகுப்புக்குள் போனாள். எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்க்கக் கூடாது என்று குனிந்தபடியே ஜன்னலோர பெஞ்சுக்கு நடந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

நடு வரிசையில் ஒரு சிறுமி, யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றாள். ரெட்டைச் சடை. அதில் ஒன்றின் ரிப்பனைத் தானே அவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள்.

"மிஸ், நான் காலையிலேருந்து பேசிக்கிட்டேதான் இருக்கேன். என்னை ஏன் இன்னும் அவ பக்கத்துல உக்கார வெக்கல?"