கண்மாய்க் கமிட்டி காலண்டர்

"நாலு மாசம் பாடுபட்டுக் கண்மாயைச் சுத்தம் பண்ணி, தண்ணி தெளியட்டும்னு மட்டிச் சிப்பியை வாங்கி விட்டா, நீ சாக்கு போட்டு அள்ளுறியா?" என்றார் மணிகண்டராஜ்.

கண்மாய்க் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அன்று காலையில் மடையருகே அவரே கையும் களவுமாகப் பிடித்த ராமுத்தாய், சமுதாயக் கூடத்தில் ஊர் நடுவே தலைகுனிந்து நின்றாள். பக்கத்தில் வாய் கட்டிய சாக்கு.

"குழம்பு வைக்கவா, சந்தையில விக்கவா?"

"ரெண்டுக்கும் இல்ல முதலாளி. கொஞ்சம் தனியா வாங்க, சொல்றேன்."

"தனியா என்ன ரகசியம்? எல்லாரும் பாக்க அவுத்துக் கொட்டு."

ராமுத்தாய் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொட்டினாள். நாற்றம் தாங்காமல் முன்வரிசை மூக்கைப் பொத்தியது. அத்தனையும் வாய் பிளந்து செத்த மட்டிகள்.

"செத்தது கெடந்தா மிச்சமும் சாகும்னு தெனமும் பொறுக்கிக் கரையில பொதைக்கிறேன். அம்புட்டும் ஓடைத் தண்ணி விழுகுற மூலையில கெடந்தது."

எந்த ஓடை என்று யாரும் கேட்கவில்லை. மட்டி ஓடுகளில் திட்டுத் திட்டாக நீலச் சாயம் ஏறியிருந்தது. கூட்டம் அதைப் பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்தது. மணிகண்டராஜ் அந்த ஓடைக்கரையில் இருக்கும் தமது அச்சகத்தில் இலவசமாக அடித்து, வீடு வீடாகக் கொடுத்த 'கண்மாய் காப்போம்' காலண்டர் அங்கே தொங்கியது, அதே நீலத்தில்.

அவர் மட்டும் நிமிரவில்லை.

மட்டிகளைத் திரும்பச் சாக்கில் அள்ளிக்கொண்டே, அவருக்கு மட்டும் கேட்கும்படி ராமுத்தாய் சொன்னாள்:

"இதுக்குத்தான் தனியா வாங்கன்னேன் முதலாளி."