ஒரிஜினல் ஜாக்கி

தேயிலைத் தோட்டத்துத் துரையின் பழங்காலக் காரோடு சீமையிலிருந்து வந்த ஜாக்கியும் டயர் லிவர்களும் பங்களா முன்னறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புப் பட்டின் மேல் படுத்திருந்தன. அவற்றைத் துடைக்கும் உரிமை சமையல்கார அப்பு பத்திநாதனுக்கு மட்டும்தான். அந்தப் பதவியில் அவருக்குத் துரையைவிட மிடுக்கு.

கொழுந்து பறிக்கும் செவனம்மா வாசலில் வந்து நின்றாள்.

"அப்பு, கராஜ்ல ஜாக்கி ஒடஞ்சு கார் எறங்கிருச்சு. அடியில ஆளு கெடக்கு. அந்த ஜாக்கிய வாங்கியாரச் சொன்னாரு டிரைவர்."

"இதையா? ஒரிஜினல் புள்ள இது! கீறல் விழுந்தா பழைய கார் கண்காட்சியில பரிசு போயிரும்."

"உயிர் போயிருமே."

"போன மாசம் லொறிக்கு அடியில ஒம் புருஷன் கெடந்தப்பவே துரை என்ன சொன்னாரு? யாரு செத்தாலும் இதத் தொடக்கூடாதுன்னாரில்ல?"

"ஆமாங்க, சொன்னாரு."

அன்று இதே வாசலில் ஜாக்கியைக் கேட்டு உருண்டு புரண்டு அழுதவள், இன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவள்போல நிதானமாக நின்றாள். பத்திநாதனுக்கு எரிச்சல் வந்தது.

"அப்புறம் என்னா? வேணும்னா துரைகிட்டயே போய்க் கேளு."

"கேக்க முடியாதுங்க," என்றாள் செவனம்மா. "கார் அடியில கெடக்குறதே அவருதான்."