குனியும் வண்டி

முகம் கழுவி, காபி குடித்து, கதவைப் பூட்டிவிட்டு அவன் பேருந்து நிறுத்தத்துக்கு வருகிறான். மூன்று கம்பெனிகள் கைமாற்றி ஓட்டிய தாழ்தள வண்டிகளில் மிஞ்சியது இது ஒன்றுதான். நாளை முதல் இதுவும் ஓடாது. ஓட்டுநரிடம் சொல்ல வேண்டியதை இன்றைக்கு விட்டால் சொல்ல முடியாது. வண்டி வந்து நிற்கிறது. அவன் முகத்தைக் கண்டதும் ஓட்டுநர் பழக்கத்தில் பொத்தானை அழுத்த, புஸ்ஸென்று காற்றிறங்கி வாசல் பக்கம் குனிகிறது. கால் தூக்க முடியாத அவன் மனைவிக்காக எப்போதும் குனிந்த மாதிரியே. ஈரப் படியில் வெயில் பளபளக்கிறது. "தங்கச்சி எங்கப்பா? மகாராணிக்கு என் வண்டி சலிச்சுப்போச்சா?" "போயிட்டாண்ணே. போன மாசம்." ஓட்டுநரின் விரல் பொத்தானிலேயே இருக்கிறது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. அவ கடைசியாப் பேசினதே அதுதான்." "என்னப்பா சொன்னா?" "'அந்த அண்ணன் ஒருநாள்கூட என்னை அவசரப்படுத்தலைங்க.'"