அஞ்சு மணிப் பூட்டு

"இனிமே அஞ்சு மணிக்கு ஆபீஸைப் பூட்டிருவேன்லா. யாரா இருந்தாலும் வீட்டுக்குப் போயிரணும்."

புது மேனேஜர் தினேஸ்வரன் இப்படிச் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. தட்டாதவர் ஒருவர்தான், ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கிரகரி.

"துரை, எனக்கு மட்டும் ஏழு மணி வரைக்கும்..."

"துரைன்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம். தினேஷ்னு கூப்பிடுங்க."

"சரிங்க துரை."

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குத் தினேஸ்வரன் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வேலையையும் வாழ்க்கையையும் தராசில் சமமாக நிறுத்துவது எப்படி என்று மூன்று புத்தகங்கள் படித்திருந்தார். மூன்றிலும் முதல் ஐம்பது பக்கம்.

"ஏழு மணி வரைக்கும் அப்படி என்ன வேலை, மிஸ்டர் கிரகரி?"

"பழைய ஃபைலெல்லாம் அடுக்கணும்."

"அதைத்தான் போன மாசமே அடுக்கிட்டீங்களே அண்ணே!" என்றாள் சின்னக் கிராணி யோகேஸ்வரி.

"மழை அளவு எழுதணும்."

"அது காலையில எழுதுறதுலா!"

கிரகரி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டார் மேனேஜர்.

"இருபத்தாறு, துரை."

"அந்தம்மா பாவம். சாயங்காலம் புருஷன் முகத்தைப் பார்க்க வேணாமா?"

கிரகரி மேசையிலிருந்த பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டார். ஐந்து மணிக்குப் பூட்டு விழுந்தது.

ஐந்தே முக்காலுக்குத் தினேஸ்வரன் மோட்டார் சைக்கிளில் வந்தபோது, கொழுந்து நிறுக்கும் கொட்டகையோரம் கிரகரியின் கார் நின்றது. உள்ளே குல்லாவும் ஸ்வெட்டருமாக கிரகரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் அதே காட்சி. அதற்கு மறுநாள் நல்ல மழை. உள்ளே இருமல் சத்தம் கேட்டு, தினேஸ்வரன் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"வீட்டுக்குப் போகலயா?"

"போவேன், துரை. ஏழு மணிக்கு."

"வீட்டுல அவரு சம்சாரம் கத்தரீன் அக்காவோட சண்டையா இருக்கும்" என்றாள் யோகேஸ்வரி, மறுநாள் காலையில். அவள் பிரிஞ்சாங் டவுனிலிருந்து தினமும் வந்து போகிறவள். தோட்டத்துச் சாயங்காலம் அவளுக்குத் தெரியாது. "ஆனா அவங்க சண்டை போடுற ஆளும் இல்லலா."

பூட்டுப் போட்டும் புருஷன் வீடு போய்ச் சேரவில்லை என்றால், குடும்ப நோய் முற்றியிருக்கிறது என்று தினேஸ்வரன் முடிவு கட்டினார். இருட்டிய வீட்டில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணியை மனதில் வரைந்துகொண்டு, ஆறுதல் சொல்வதற்காக வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியோடு கிராணி வீட்டுக்குக் கிளம்பினார் தினேஸ்வரன்.

வாசலில் பதினைந்து ஜோடிச் செருப்புகள் கிடந்தன.

"ஏழெட்டு எவ்வளவுடா?"

"டீச்சர், இவன் என் பிஸ்கட்டைத் தின்னுட்டான்!"

"அம்பத்தாறு பிஸ்கட்டா தின்னான்? உன் கணக்கை முடி. அடுத்த வாரம் பரீட்சை."

தினேஸ்வரன் எட்டிப் பார்த்தார். எல்லாம் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள். சோபாவில் ஐந்து பேர், கிரகரியின் சாய்வு நாற்காலியில் இரண்டு பேர், மிச்சப் பேர் தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவே கத்தரீன், கையில் புத்தகம்.

"ஹலோ பிள்ளைங்களா!" என்று உள்ளே நுழைந்தார்.

சத்தம் நின்றது. சோபா காலியானது. காலையில் கங்காணி பேர் கூப்பிடும்போது அவர்களுடைய அப்பா அம்மா நிற்பார்களே, அதேபோல் பதினைந்து பேரும் சுவரோரம் வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க. நான் சும்மாதான் வந்தேன்."

யாரும் உட்காரவில்லை.

"என்னை தினேஷ்னே கூப்பிடலாம்லா."

"சரிங்க துரை" என்றன பதினைந்து குரல்கள்.

கத்தரீன் பெருமூச்சு விட்டார்.

"கிராணி வீட்டுல இருந்தாலும் இதே கதைதான், துரை. எவ்வளவு கொஞ்சினாலும் ஒண்ணுகூட உக்காராது, பாடமும் ஏறாது. அதான் டியூசன் முடியற வரைக்கும் அவரு வீட்டுக்கு வர்றதில்ல. ஆறு வருஷமா."

தினேஸ்வரனின் கை, பாக்கெட்டில் கிடந்த ஆபீஸ் சாவியைத் தடவியது.

கத்தரீன் ஸ்ட்ராபெரிப் பெட்டியை மரியாதையாக வாங்கிக்கொண்டு, வாசலைக் காட்டினார்.

"அவரு காரு கொட்டகைகிட்டதான் நிக்குது. முன் சீட்டுல இன்னொரு ஆளு உக்காரலாம், துரை."