நாற்பது ராண்டை இருபதாக்கியவர்

லிம்பானி, வயது இருபத்திரண்டு, மலாவியிலிருந்து பிழைக்க வந்தவன், ஜோகன்னஸ்பர்க் டாக்ஸி நிலையத்து வாசலில் வாட்சுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான்.

மபாசோ என்பவர் தன் நின்றுபோன வாட்சைக் கழற்றி நீட்டினார்.

"கடையில நூத்திருபது ராண்ட் கேக்குறான். நீ எவ்வளவு?"

"நாப்பது, ஐயா."

"கொள்ளையடிக்கத்தான் எல்லை தாண்டி வந்தியா? இருபது!"

"சரிங்கய்யா, இருபதே குடுங்க. மணியும் நானே வெச்சுத் தர்றேன்."

"சரியா வைடா. போன்ல காட்டுற மணியை நான் நம்புறதில்ல. இந்த வாட்சுதான் எனக்குச் சட்டம்."

அவர் வாட்சைக் கட்டிக்கொண்டு நகர்ந்ததும், பக்கத்தில் வாழைப்பழம் விற்கும் தெம்பி கேட்டாள்: "பாதி விலைக்கு ஏண்டா குடுத்தே, பைத்தியமா?"

"அக்கா, முன்னாடி நான் வேலை பார்த்த கிடங்கு வாசல்ல மூணு நிமிஷம் லேட்டுன்னு என்னை வேலையைவிட்டு விரட்டின சூப்பர்வைசர் இவர்தான். அன்னைக்கும் வாட்சைத்தான் பார்த்தார், என் மூஞ்சியப் பார்க்கல. அதான் இன்னைக்கு அடையாளம் தெரியல. பதினஞ்சு நிமிஷம் பின்னால வெச்சு விட்டிருக்கேன். தினமும் லேட்டா வந்தா, வெள்ளிக்கிழமைக்குள்ள முதலாளி சூப்பர்வைசரையும் விரட்டிடுவார். முதலாளி ரூம் கடிகாரம் சரியா ஓடுது."

இதைப் படிக்கிறவர்களிடம் லிம்பானி கேட்பது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை வரைக்கும் மபாசோவிடம் யாரும் மணி சொல்லிவிடாதீர்கள்.