ஞாயிறு டெலிவரி

அக்கா மகனின் வலிப்பு மருந்து தீர இன்னும் ஆறு மணி நேரம்தான் இருந்தது. அது அக்கா ஊரில் கிடைக்காது. அந்த ஊரோ இங்கிருந்து ஒரு நாள் பயணம். எங்கள் நிறுவனம்தான் அதை விற்கிறது. அக்கா ஆர்டர் போட்டபோது ‘ஞாயிறு வந்து சேரும்’ என்று எங்கள் தளம் காட்டியது. அக்கா அதையே நம்பியிருந்தாள். பெட்டிமேல் முகவரியை நானே கையால் எழுதினேன்.

கூரியர்களின் வேலைநாள் காலண்டரை அமைப்பவள் நான். புதிய கூரியருக்கு ஞாயிறை விடுமுறையாகக் குறிக்க மறந்துவிட்டேன். ஞாயிறு காலை, ஆளில்லாத அலுவலகத்துக்கு வந்து அதைத் திருத்தினேன். டெலிவரி தேதி செவ்வாய்க்கு மாறியது. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று போனை வைத்துக்கொண்டு விழித்தேன்.

அவளே கூப்பிட்டாள்.

“அடியே, இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு! பார்சல் வந்துடுச்சு. மருந்து குடுத்துட்டேன், தூங்குறான்.”

“யாரு கொண்டு வந்தா?”

“கூரியர்காரர்தான். பின்ன, பெட்டி தானா நடந்து வருமா? மேல உன் கோழிக் கிறுக்கல்கூட அப்படியே இருக்கு.”

எனக்கும் மூச்சு வந்தது. சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தேன்.



“அக்கா, அந்தப் பெட்டி இன்னும் இங்கேருந்து கிளம்பவே இல்ல. என் மேசைமேல இருக்கு.”